இருபது கூண்டுப் பந்தி

கிணத்துக்கடவு
5.6.2024, புதன்

அன்புள்ள எழில்,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பத்தியாவது படி. என் நம்பரை நீ பிளாக் செய்து நாலரை மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் திருமூர்த்தியின் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் பிளாக் செய்துவிட்டாய். நேரில் வந்துவிடலாம் என்று ஒருநாள் பஸ் ஏறி, சுந்தராபுரம் வரைக்கும் வந்து, பயந்துபோய் எதிர்ப்பக்கப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கடைசியில் உங்கள் கம்பெனியின் தீவன வண்டிதான் கைகொடுத்தது. டிரைவர் மயில்சாமி அண்ணன் புதன்கிழமைதோறும் இங்கே மூட்டை இறக்க வருகிறார். "லேப்புல எழில் மேடம்கிட்டக் குடுக்கோணும், அவ்வளவுதானுங்ளே? குடுத்துப்போடறனுங்" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

என் முயல் குட்டிகள் செத்துக்கொண்டே இருக்கின்றன, எழில். தாயோடு இருக்கும்வரை பஞ்சுப் பொதி மாதிரி இருக்கின்றன. ஐந்தாவது வாரம் பிரித்துத் தனிக் கூண்டில் விட்டால் போதும், பத்தே நாளில் வயிறு உப்புகிறது, கழிச்சல், மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கிறது. முதல் ஈற்றில் பிரித்த நாற்பதில் பதின்மூன்று போயிற்று. அடுத்த ஈற்றில் பதினாலு. டாக்டர் மருந்து கொடுத்தால் நிற்கிறது, மருந்தை நிறுத்தினால் திரும்ப வருகிறது. "ஆவணி வரைக்கும் பாக்கலாம், அப்பறம் கூண்டக் கழட்டிப்போடலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இந்த ஷெட்டுக்காக நான் எத்தனை வருடம் இந்த வீட்டில் வாய் வலிக்கக் கேட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

கல்லூரியில் கடைசி வருடம் நாம் இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? குடலில் நல்ல கிருமி நிறைந்திருந்தால் கெட்ட கிருமிக்கு உட்கார இடம் கிடைக்காது என்று மேடையில் நீ பேசினாயே. நீ இப்போது முயலுக்கென்று அந்த நல்ல கிருமிகளை வைத்து ஒரு புரோபயாட்டிக் பொடி செய்து பார்ப்பதாக மயில்சாமி அண்ணன் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தருவாயா?

ஷெட் திறப்பு விழா அன்று பந்தியில் ஏதோ முன்னே பின்னே ஆகிவிட்டது. அத்தை எதையும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. அதையே மனதில் வைத்துக்கொண்டிருக்காதே.

பிரியா

*

போத்தனூர்
12.6.2024

லோகப்பிரியா அவர்களுக்கு,

'அவர்கள்' போட்டுத் தொடங்கிவிட்டேன். அப்படியே எழுத எனக்கு வரவில்லை, 'நீ' என்றே எழுதுகிறேன்.

பந்தியில் எதுவும் முன்னே பின்னே ஆகவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ சொல்ல மாட்டாய். ஜனவரி 21, ஞாயிறு. அம்மா, என் முதல் சம்பளத்தில் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் பந்தியில் மூன்றாவது இலை. இனிப்பு வைத்தாயிற்று. அப்போதுதான் உன் மாமியார் அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "அட, நம்ம தோப்புல தேங்கா பொறுக்குன பழனியாத்தாளுங்ளா! வாங்க வாங்க. இங்க ஒரே நெருக்கடியா இருக்குதுங். பின்னால காத்தாட உக்காந்து சாப்புடலாமுங்" என்றார். எவ்வளவு மரியாதை! அம்மா எழுந்துகொண்டார். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் காகிதத் தட்டில் சோறு வந்தது. அவருடைய இலையில் வேறொருவர் உட்கார்ந்தார்.

நீ ரசவாளியோடு நின்றிருந்தாய். பார்த்தாய். என் கண்ணையும் பார்த்தாய். பிறகு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனாய்.

உன் அத்தைமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உன்னிடம் எதிர்பார்த்தேன்.

இனி பொடி. உனக்காக அல்ல, குட்டிகளுக்காக அனுப்புகிறேன். எனக்கும் ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், இதுவரை எந்த முயலும் தின்று பார்த்ததில்லை. முறையாகச் செய்வதாக இருந்தால் மட்டும் மூட்டையைப் பிரி. அடுத்த ஈற்றில் எண்பது குட்டிகள் பிரியும் என்று மயில்சாமி அண்ணனிடம் சொல்லியிருக்கிறாய். கிழக்கு வரிசையில் பத்துக் கூண்டு, மேற்கு வரிசையில் பத்துக் கூண்டு, கூண்டுக்கு நாலு குட்டி. கிழக்கு வரிசைக்குக் காலையில் கூண்டுக்கு ஒரு ஸ்பூன் பொடி, ஈரத் தவிட்டில் பிசைந்து. மேற்கு வரிசைக்குப் பொடி கிடையாது. மற்ற தீவனம், தழை, தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கொடுக்காத வரிசை ஒன்று இருந்தால்தான், கொடுத்த வரிசையில் நடந்தது பொடியால் நடந்தது என்று சொல்ல முடியும்.

உன் ஷெட்டுக்குள் நான் காலடி வைக்க மாட்டேன். எண்களை அனுப்பு, போதும்.

எழில்

*

கிணத்துக்கடவு
3.7.2024

எழிலே!

பதினாலு நாள்! எண்பது குட்டியில் நாலுதான் போயிருக்கிறது. நாலே நாலு! போன தடவை இதே பதினாலு நாளில் நாற்பதிலேயே பத்துக் குட்டியை நான் தென்னை மரத்தடியில் புதைத்திருந்தேன். காலையில் ஷெட்டுக்குள் நுழையவே முன்பு தயங்குவேன், இப்போது ஓடுகிறேன். போய் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்க்கிறேன், எல்லாம் காதை விடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கின்றன. புழுக்கைகூடக் கறுப்பு மிளகு மாதிரி உருண்டை உருண்டையாக விழுகிறது. முயல் புழுக்கையைப் பார்த்துச் சிரிக்கிறவளை நீ பார்த்திருக்க மாட்டாய். அவருக்கும் ஆச்சரியம். "பரவால்லியே உன்ற சிநேகிதி" என்றார்.

எந்த வரிசையில் எத்தனை என்று தாளில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், இருபத்தோராவது நாள் மொத்தமாக அனுப்புகிறேன். காலையில் நான் வேலிமசால் தழை அறுக்கப் போய்விடுவதால் பொடியை அத்தைதான் போடுகிறார். உன் குறிப்பை இரண்டு தடவை படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார். முதலில் முயல் என்றாலே முகம் சுளித்தவர், இப்போது குட்டிகளோடு பேசுகிறார். "ஏஞ் சாமி, தின்னு கண்ணு" என்று.

உன் கடிதத்தின் முதல் பாதிக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவை, ரசவாளி கனமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்க் கிழித்துவிட்டேன். இன்னும் எனக்கு எழுத வரவில்லை.

பிரியா

*

போத்தனூர்
17.7.2024

பிரியா,

இருபத்தொரு நாள் கணக்கு வந்தது. கிழக்கு வரிசை, பொடி தின்றது: நாற்பதில் மூன்று சாவு. மேற்கு வரிசை, பொடி தின்னாதது: நாற்பதில் நாலு சாவு.

என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும், நீயும் இதைப் படித்தவள்தான். தின்றதற்கும் தின்னாததற்கும் வித்தியாசம் இல்லை. பொடி ஒன்றும் செய்யவில்லை. ஜூன் பாதியில் வெயில் தணிந்து பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்துவிட்டது, அதில் குட்டிகள் தாமாகவே பிழைத்திருக்கும். ஆடி முடிந்து காற்று நின்றால் மறுபடி சாகத் தொடங்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

உன் ஜூலை மூன்றாம் தேதிக் கடிதத்தை லேப்பில் எல்லோரிடமும் காட்டினேன். எங்கள் மேலாளர் நந்திதா மேடம் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். நேற்று எண்களைக் காட்டியபோது, "விட்டுடு எழில், கோழித் தீவன வேலையைப் பாரு" என்றார். இரண்டு வருடம் போயிற்று. பாத்திரம் கழுவுமிடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

மீதிப் பொடியைத் தென்னைக்குப் போட்டுவிடு. ரசவாளி வரியை நீ கிழிக்காமலே அனுப்பியிருக்கலாம். அதுவாவது உண்மையாக இருந்தது.

எழில்

*

கிணத்துக்கடவு
24.7.2024

எழில், எழில், எழில்!

பொடியைத் தென்னைக்குப் போடவில்லை. போடவும் மாட்டேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் வந்த மறுநாள் எனக்கு அரிவாளைப் பிடிக்கவே மனம் வரவில்லை. அரைக்கட்டு வேலிமசாலோடு சீக்கிரமே திரும்பிவிட்டேன். ஷெட்டில் அத்தை பொடித் தவிட்டுக் கிண்ணத்தோடு நிற்கிறார். கிழக்கு வரிசை முதல் கூண்டில் அரை ஸ்பூன் போட்டார். அப்படியே திரும்பினார், எதிரே மேற்கு வரிசை முதல் கூண்டில் மீதி அரை ஸ்பூன். அடுத்த கூண்டு, அரை. எதிர்க்கூண்டு, அரை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னங் அத்தை பண்றீங்க? மேக்கால வரிசைக்கு இல்லைன்னு சொன்னனுங்ளே!"

அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "ஏங் கண்ணு, ஒரு பந்தில உக்கார வெச்சுப்போட்டு, இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் போடாமப் போறதா? அதுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால முடியாது சாமி. பந்தி வஞ்சனை ஏழு சென்மத்துக்கும் ஆகாது. உன்ற சிநேகிதி குடுத்தனுப்புனதுல ஒரு துளி சேத்தி எடுக்கல, அதையேதான் பங்கு வெச்சேன்."

"எத்தன நாளா பங்கு வெக்கறீங்க?"

"மொத நாள்லயிருந்தே."

முதல் நாளிலிருந்தே, எழில்! எண்பது குட்டியும் பொடி தின்றிருக்கிறது! பொடி தின்னாத வரிசை என்று ஒன்று இந்த ஷெட்டில் இருக்கவே இல்லை! நான் சிரித்த சிரிப்பில் முயலெல்லாம் மிரண்டு கூண்டு மூலைக்கு ஓடிவிட்டது. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "பைத்தியம் கியித்தியம் புடிச்சுப்போச்சா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது நீ சொல். எண்பதில் ஏழுதான் போயிருக்கிறது. பொடி வேலை செய்கிறதா இல்லையா? நந்திதா மேடத்திடம் சொல், இனிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று. மயில்சாமி அண்ணன் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

பிரியா

*

போத்தனூர்
14.8.2024

பிரியா,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. முதல் வாரம் சந்தோஷத்தில், அடுத்த இரண்டு வாரம் வேறு காரணத்தில். முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை லேப்பில் நின்றுகொண்டே படித்துக் கத்திவிட்டேன். எல்லோரும் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். உனக்குப் புரிகிறதா? வேலை செய்கிறது என்பது மட்டுமில்லை, பாதி அளவே போதும் போலிருக்கிறது. அரை ஸ்பூன்! இதை நான் கனவிலும் சோதித்திருக்க மாட்டேன். ஆனால் 'போலிருக்கிறது' என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக்கொள். காற்று, வெயில் சந்தேகம் அப்படியே நிற்கிறது. மறுபடி செய்ய வேண்டும்.

தப்பு உன் அத்தையுடையது அல்ல, என்னுடையது. ஒருநாள் நேரில் வந்து நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருபது கிலோமீட்டர் தள்ளி ஆராய்ச்சி செய்தேன். கொடுக்காத வரிசைக்கு வெறும் பாத்திரத்தைக் காட்டினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அதனால் இந்தத் தடவை இரண்டு வரிசைக்கும் பொட்டலம். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல். இரண்டிலும் ஒரே நிறம், ஒரே வாசனை, ஒரே எடை. ஒன்றில் அரையளவு பொடி கலந்திருக்கிறது, மற்றது வெறும் தவிடு. எது எதுவென்று எழுதி உறையில் ஒட்டி நந்திதா மேடம் மேஜையில் பூட்டிவிட்டார். எனக்கே தெரியாது. உன் அத்தை எல்லாக் கூண்டுக்கும் ஒரே ஸ்பூனால் போடலாம், பங்கு பிரிக்க வேண்டாம். இதை மட்டும் அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொள்.

இனி அந்த வேறு காரணம். பந்தி வஞ்சனை ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது என்று உன் அத்தை சொன்னதை நீ சிரிப்பாக எழுதியிருக்கிறாய். நானும் முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது என்னால் முடியவில்லை. அம்மாவிடம் அந்தப் பக்கத்தை நான் படித்துக் காட்டவில்லை. முயலின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு முடியாதவருக்கு அம்மாவின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு முடிந்தது. உங்கள் வீட்டு மரியாதை பற்றி நான் இரண்டு வாரம் யோசித்தேன். வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க, ஒன்றிலும் குறையில்லை. இந்த வெறும் தவிட்டுப் பொட்டலத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பொட்டலம் அதே பொட்டலம்தான், உள்ளே சரக்கு இல்லை.

நீ இதைக் கவனிக்கவில்லையா, பிரியா? உண்மையிலேயே கவனிக்கவில்லையா?

எழில்

*

கிணத்துக்கடவு
11.9.2024

எழில்,

கவனிக்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தை மாவு டப்பாவில் வைத்து, எடுத்து எடுத்துப் படித்தேன்.

இப்போது எழுதுகிறேன், கிழிக்கப் போவதில்லை. அன்றைக்கு நான் பார்த்தேன். அத்தை பேசியதைக் கேட்டேன். உன் அம்மா எழுந்தபோது புடவை முந்தானை இலையில் பட்டுச் சர்க்கரைப் பாகு ஒட்டிக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை முகம் கடுக்கும், ஷெட்டை மறந்துவிடு என்பார்கள் என்று பயந்தேன். ஒரு முயல் ஷெட்டுக்காக உன் அம்மாவை விட்டுக்கொடுத்துவிட்டேன். இதுதான் உண்மை, இதற்குமேல் எனக்குச் சாக்கு இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். முடியாவிட்டால் அதையும் எழுது.

இனி அவசரம். இன்று பதினான்காம் நாள். சிவப்பு நூல் வரிசையில் ஒன்று போயிருக்கிறது. பச்சை நூல் வரிசையில் ஒன்பது! நேற்று மட்டும் மூன்று. காற்று அப்படியே வீசுகிறது, தழையும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். உறையைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும். அத்தை வரிசைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாத்துக்கும் ஒரே மாதரதானே போட்டேன், இந்தப் பக்கம் மட்டும் ஏன் சாகுது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இருபத்தொரு நாள் முடியவேண்டும் என்று விதி பேசாதே. முப்பத்தொன்று உயிரோடு இருக்கிறது. திற, எழில்!

பிரியா

*

போத்தனூர்
14.9.2024, சனி

பிரியா,

புதன்கிழமை வரை காத்திருக்க முடியாது. மயில்சாமி அண்ணனைக் கெஞ்சி பைக்கில் அனுப்பியிருக்கிறேன். உறையைத் திறந்தோம். பச்சை நூல் வெறும் தவிடு. சிவப்பு நூல் பொடி.

இதோடு வரும் பையில் இருப்பது எல்லாமே பொடி. இப்போதே, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, பச்சை வரிசைக்குப் போடு.

வேலை செய்கிறது, பிரியா! செய்கிறது!

எழில்

*

கிணத்துக்கடவு
25.9.2024

எழில்,

பச்சை வரிசையில் என் போன கடிதத்துக்குப் பிறகு இரண்டே இரண்டு போயிற்று, மீதி இருபத்தொன்பதும் எழுந்துகொண்டது. சிவப்பில் மொத்தமே இரண்டு. கூண்டைக் கழற்றும் பேச்சை அவர் எடுப்பதில்லை, இன்னும் பத்துக் கூண்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். செய்தி எப்படிப் பரவியதோ, சோமனூரிலிருந்துகூட ஒருவர் போன் செய்துவிட்டார். புரட்டாசி மாதம், கறிக்கென்று யாரும் முயல் கேட்டு வரமாட்டார்கள், வளர்ப்பவர்கள் எல்லோரும் சும்மாதான் இருக்கிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிறு முப்பது பேர் நம் ஷெட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது நீதான். நான் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன்.

நீ வரமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் இதைக் கேள். போன சனிக்கிழமை அத்தை மறுபடியும் கேட்டார், அந்தப் பக்கம் மட்டும் ஏன் செத்தது என்று. நான் பச்சை நூல் விஷயத்தைச் சொன்னேன். பிறகு உள்ளே போய் உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து வந்து, முதல் பக்கத்தை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அது வேற, இது வேற கண்ணு" என்றார்.

"என்னங் அத்தை வேற?"

"நானென்ன அவங்கள வெரட்டியா உட்டேன்? மொகங் கோணாம, வாங்க போங்கன்னு மருவாதியாத்தானே சொன்னேன்."

"பச்ச நூல் வரிசைக்கும் நீங்க அதே ஸ்பூன்லதானுங் போட்டீங்க. உள்ள ஒண்ணுமில்லைங். அதுதான் செத்துச்சு."

எழுந்து உள்ளே போய்விட்டார். இன்றோடு நாலு நாள், என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை எடுத்து வைக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்: ஆறாம் தேதி பழனியாத்தாள் அம்மா முதல் பந்தியில் உட்கார்வார், அவருக்குப் பக்கத்து இலையில் நான். அது ஆகாது என்றால் வருகிறவர்களுக்குத் தண்ணீர்கூட இந்த வீட்டில் கிடையாது, நான் போன் செய்து கூட்டத்தையே நிறுத்திவிடுகிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஷெட் போனாலும் போகட்டும், எழில். இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை.

கடிதத்தில் கூப்பிட்டால் அது அழைப்பு ஆகாது. வருகிற ஞாயிறு நானும் அவரும் போத்தனூர் வந்து உன் அம்மாவை நேரில் அழைக்கிறோம். அத்தை வருவாரா என்று தெரியாது. கதவைத் திற.

பிரியா

*

போத்தனூர்
9.10.2024

பிரியாவுக்கு,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் மயில்சாமி அண்ணனுக்கு இன்னும் ஒரு வேலை.

முதலில் நல்ல செய்தி. வந்தவர்களில் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது ஷெட்! எல்லா இடத்திலும் சிவப்பு நூல், பச்சை நூல், பூட்டிய உறை என்று முறையாகச் செய்யப்போகிறேன். நந்திதா மேடம் எனக்கு லேப்பில் தனி மேஜை கொடுத்துவிட்டார். ஒரு ஷெட்டில் நடந்ததை வைத்து ஊரெல்லாம் சொல்லிவிட முடியாது என்று நான் பேசும்போது நீ பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

அழைக்க வந்த அன்று உன் மாமியார் வரவில்லை. அம்மா அதைக் கவனித்தார். நீங்கள் போன பிறகு நான், போகவேண்டியதில்லை என்றேன். "அந்தப் புள்ள இவ்வளவு தூரம் வந்து கூப்புட்டுருக்குது, நாம போலாம்" என்றார். ஆறாம் தேதி அம்மாவோடு பஸ்ஸில் வந்தேன். உன் ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்னொரு தடவை அம்மாவை யாராவது எழுப்பினால் முப்பது பேர் முன்னால் என்ன சொல்லவேண்டும் என்று வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

பந்தியில் நீ அம்மாவுக்கு வலப்பக்கம் இருந்தாய், நான் இடப்பக்கம். நீ இலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உன் மாமியார் சாம்பார் வாளியோடு வரிசைத் தலைப்பில் நின்றார். அம்மாவைப் பார்த்தார். நான் எண்ணினேன், எனக்கு எண்ணித்தான் பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு நடந்து வந்து, குனிந்து, அம்மாவின் இலையில் ஊற்றினார். "வந்தீங்ளா" என்றோ "நல்லாருக்கீங்ளா" என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து மரியாதை வராத முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய். அம்மா ஒரு வாய் தின்றார், மென்றார், நிமிர்ந்தார். "ஏனுங், சாம்பாருக்கு உப்புப் பத்தலீங்."

பந்தியே நின்றுவிட்டது. உன் கை என் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அந்தத் தோப்பில் முப்பது வருடம் தேங்காய் பொறுக்கியவர், போட்டதைப் போட்டபடி வாங்கித் தின்றுவிட்டுக் கும்பிட்டு வந்தவர், அந்த வீட்டுச் சமையலில் குறை சொல்கிறார். உன் மாமியார் முகம் சிவந்துபோயிற்று. வாளியிலிருந்து உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். "ஆமாங், பத்தல" என்றார். உள்ளே போனார். உப்புச் சாடியோடு வந்து, தன் கையாலேயே அம்மாவின் இலையில் வைத்தார். பிறகுதான் மற்ற இலைகளுக்குப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏம்மா, சாம்பார் எனக்குச் சரியாத்தான இருந்துச்சு, உனக்கு மட்டும் எப்படி உப்புப் பத்தாமப் போச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கும் சரியாத்தான் இருந்துச்சு புள்ள" என்றார். "கேட்டா கொண்டாந்து வெக்கறாங்களான்னு பாத்தேன்."

எழில்